கறுப்புக் குதிரை யாருக்குக் கறுப்பு?

தேர்தல் வந்துட்டாப் போதும், பேப்பர்லயும் டிவியிலயும் ஒரு கறுப்புக் குதிரை ஓட ஆரம்பிச்சிரும். "இந்தத் தொகுதியில் இவர்தான் கறுப்புக் குதிரை" என்று எழுதுவார்கள். உலகக் கோப்பை கிரிக்கெட் வந்தாலும் அதே குதிரைதான். எங்க ஊர் டீக்கடையில ஒரு பெரியவர் பேப்பரைப் படிச்சுட்டு, "ஏனுங்க, இந்த ஆளு நல்ல செவத்த ஆளுதானுங்களே, எதுக்குக் கறுப்புங்கறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தச் சொல் எங்க இருந்து வந்துச்சு, நம்ம கொங்கு நாட்டுல அந்த மாதிரி குதிரைங்க எப்பெப்ப ஓடுச்சு என்று கொஞ்சம் பாக்கலாம்.

இது இங்கிலீஷ்காரங்க சொல்லு. 'டார்க் ஹார்ஸ்' என்பதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை மாத்தி நம்ம பத்திரிகைக்காரங்க 'கறுப்புக் குதிரை' ஆக்கிட்டாங்க. ஆனா அந்த 'டார்க்' நிறத்தைச் சொல்றதில்லை. இருட்டுல இருக்கறது, வெளிய தெரியாததுன்னு அர்த்தம். குதிரைப் பந்தயத்துல பணம் கட்டறவங்களுக்கு ஒவ்வொரு குதிரையோட சரித்திரமும் அத்துப்படி. எங்க ஓடுச்சு, எத்தனை தடவை ஜெயிச்சுச்சு, யார் ஓட்டறாங்க எல்லாம் தெரியும். அப்படி எந்த விவரமும் தெரியாம களத்துக்கு வர்ற குதிரைதான் டார்க் ஹார்ஸ். வெள்ளைக் குதிரையாகூட இருக்கலாம்.

1831-ல் பெஞ்சமின் டிஸ்ரேலி எழுதின 'தி யங் டியூக்' என்ற நாவல்ல இப்படி ஒரு பந்தயம் வருது. எல்லாரும் நம்பிப் பணம் கட்டின குதிரைகள் பின்தங்கிப் போக, யாருமே நினைச்சுப் பாக்காத ஒரு குதிரை முந்தி வந்து ஜெயிக்குது. அந்த டிஸ்ரேலிதான் பின்னாடி ரெண்டு தடவை இங்கிலாந்துப் பிரதமரா இருந்தவர்.

பந்தயத் திடல்ல இருந்து இந்தக் குதிரையை அரசியலுக்கு ஓட்டிட்டு வந்தது அமெரிக்காக்காரங்க. 1844-ல் பால்டிமோர் நகரத்துல ஜனநாயகக் கட்சி மாநாடு, ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடுச்சு. முன்னாள் ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரனுக்குத்தான் வாய்ப்புன்னு எல்லாரும் நினைச்சாங்க. அவருக்குப் பாதிக்கு மேல ஓட்டு விழுந்துச்சு, ஆனா தேவைப்பட்ட மூணில் ரெண்டு பங்கு விழலை. திரும்பத் திரும்ப ஓட்டெடுப்பு நடந்து, ஒன்பதாவது சுத்துல ஜேம்ஸ் போல்க் என்பவர் வேட்பாளர் ஆனார். முதல் ஏழு சுத்துல அவர் பேரே இல்லை. "யாரு இந்த போல்க்?" என்று எதிர்க்கட்சிக்காரங்க கிண்டல் பண்ணினாங்க. அவர்தான் ஜெயிச்சு ஜனாதிபதி ஆனார்.

இங்க ஒண்ணு கவனிக்கணும். இந்த போல்க் ஒண்ணும் ஊர் பேர் தெரியாத ஆள் இல்லை. நாடாளுமன்றத்துல சபாநாயகரா இருந்தவர், டென்னசி மாநிலத்துக்கு கவர்னரா இருந்தவர். அவங்க ஊர்க்காரங்களுக்கு அவர் நல்லாத் தெரிஞ்சவர். பணம் கட்டறவங்க கண்ணுக்குத்தான் இருட்டு.

நம்ம பக்கம் குதிரை இல்லை, காளைதான். கோயமுத்தூர், பொள்ளாச்சி, உடுமலை, எங்க கிணத்துக்கடவு பக்கமெல்லாம் ரேக்ளா பந்தயம் நடக்கும். டவுன்ல இருக்கறவங்களுக்காகச் சொல்றேன்: ரெண்டு காளை பூட்டின சின்ன வண்டி, வயசுக்குத் தக்கபடி 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வெச்சு, ஓடி முடிக்கற நேரத்தைக் கணக்கெடுப்பாங்க. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால 2014-ல் நின்னுபோய், 2017-ல் சட்டத் திருத்தம் வந்த பிறகு மறுபடியும் ஆரம்பிச்சுச்சு.

ஓடறதுல பெரும்பாலும் காங்கேயம் மாடுங்க. இந்த இனத்துல ஒரு விசேஷம். கன்னு பொறக்கறப்ப செவலையா இருக்கும். ஆறு மாசம் வாக்குல நிறம் மாறி மயிலை ஆயிரும். காளை வளர வளர திமில், கழுத்து, முன்னங்கால் எல்லாம் கறுத்துட்டு வரும். அதனால எங்காளுங்க நிறத்தை வெச்சு மட்டும் மாட்டை எடை போடமாட்டாங்க. பல்லைப் பாப்பாங்க, குளம்பைப் பாப்பாங்க, சுழியைப் பாப்பாங்க, யாரோட கட்டுத்தரையில இருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க.

எப்பவாவது, பேரே கேள்விப்படாத ஊர்ல இருந்து ஒரு ஜோடி வந்து எல்லா வண்டியையும் முந்திப் போயிரும். கூட்டமே வாயப் பொளந்து நிக்கும். ஆனா அந்தக் காளைக்காரன் பக்கத்துத் தோட்டத்துக்காரனைக் கேட்டுப் பாருங்க. "அவன் ரெண்டு வருசமா விடியக்காலையில மண் ரோட்டுல ஓட்டிப் பழக்கினானுங்க. பருத்திக்கொட்டையும் முட்டையும் அவன் புள்ளைகளுக்குக் குடுத்ததைவிட அந்த மாட்டுக்குத்தான் அதிகம் குடுத்தான்" என்பார். கூட்டத்துக்குத் திடீர்னு வந்த மாடு. பக்கத்துத் தோட்டத்துக்கு அது தினமும் பாத்த மாடு.

இதை மனசுல வெச்சுட்டு 1967-க்குப் போலாம்.

எங்க ஊர்ல இருந்து ரொம்பத் தூரம் இல்லை செங்குட்டைப்பாளையம். பொள்ளாச்சி பக்கத்து விவசாயக் கிராமம். சி.சுப்பிரமணியம் 1910-ல் அங்கதான் பொறந்தார். சி.எஸ். என்றால் இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 1952-ல் இருந்து பத்து வருசம் சென்னை மாகாணத்துல அமைச்சர். 1962-ல் பொள்ளாச்சியில ஜெயிச்சு டெல்லிக்குப் போய் மத்திய அமைச்சர் ஆனார். 1964-ல் உணவு, விவசாயத் துறை அவர் கைக்கு வந்துச்சு. யாருக்கும் வேண்டாத இலாகா அது. நாட்டுல தானியம் பத்தலை. அமெரிக்காவுல இருந்து கப்பல்ல கோதுமை வந்தாத்தான் சோறு என்ற நிலைமை. 1965, 1966 ரெண்டு வருசமும் மழை பொய்ச்சுப் போச்சு.

1967 தேர்தல்ல சி.எஸ். கோபிசெட்டிபாளையம் மக்களவைத் தொகுதியில நின்னார். எதிர்ல திமுகவோட பி.ஏ.சாமிநாதன். ஒருத்தர் இந்தியாவுக்கே சோறு போடற பொறுப்புல இருக்கற மத்திய அமைச்சர். இன்னொருத்தர் பேரை கோயமுத்தூர் தாண்டினா எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்? சாமிநாதன் ஜெயிச்சார். அதே தேர்தல்ல விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில காமராஜரையே பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1,285 ஓட்டு வித்தியாசத்துல தோக்கடிச்சார். முதலமைச்சர் பக்தவத்சலமும் ஸ்ரீபெரும்புதூர்ல தோத்துப் போனார்.

டெல்லியில இருந்தவங்க அசந்து போனாங்க. ஆனா இங்க இருந்தவங்க அசந்திருப்பாங்களா?

எங்க அப்பிச்சி, அதாவது அம்மாவைப் பெத்தவர், அந்தக் காலத்தைப் பத்திச் சொல்வார். கல்யாணத்துக்கு அரிசி சேக்கறதுக்கு மூணு ஊர் சுத்தணுமாம். தோட்டத்துல வெளைஞ்ச சோளமும் கம்பும் இருந்ததால பட்டினி இல்லை, ஆனா அரிசிச் சோறு நோம்பி நொடிக்குத்தான். டவுன்ல சோளமும் இல்லை. அந்த நேரத்துலதான் திமுககாரங்க "ரூபாய்க்கு மூணு படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று ஊர் ஊராச் சொல்லிட்டு வந்தாங்க. பசிச்ச வயித்துக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. உணவு அமைச்சரே நம்ம ஊர்க்காரர், ஆனா அரிசி இல்லை. கோபம் யார் மேல போகும்?

அதுக்கு முன்னாடி 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம். பிப்ரவரி மாசம் பொள்ளாச்சியிலேயே துப்பாக்கிச் சூடு நடந்துச்சு, ஆளுங்க செத்தாங்க. அந்தச் சமயத்துல சி.எஸ்ஸும் ஓ.வி.அழகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா பண்ணினாங்க. அப்புறம் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிட்டாங்க. வீட்டுல பையனைப் பறிகொடுத்தவங்க அதையெல்லாம் மறந்துட்டா ஓட்டுச் சாவடிக்குப் போவாங்க?

திமுகவும் ஒரே ராத்திரியில மொளைச்ச செடி இல்லை. 1949-ல் ஆரம்பிச்ச கட்சி. 1957 தேர்தல்ல 15 இடம், 1962-ல் 50 இடம், 1967-ல் 137 இடம். இந்த மூணு எண்ணையும் வரிசையா எழுதிப் பாத்தா திடீர் வெற்றின்னு யாரும் சொல்லமாட்டாங்க. படிப்பகம், முடி திருத்தும் கடை, சைக்கிள் கடை, நாடகக் கொட்டாய் என்று பதினெட்டு வருசம் தீனி போட்டு வளத்த காளை அது. கோபியில ஜெயிச்ச சாமிநாதன் 1971-லயும் அதே தொகுதியில ஜெயிச்சார். குருட்டு அதிர்ஷ்டமா இருந்தா ஒரு தடவையோட போயிருக்கும்.

ஆனா இந்தக் கதையில இன்னொரு கறுப்புக் குதிரையும் இருக்குது. எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. அது ஒரு பயிர்.

பழைய கோதுமை ரகங்கள் உயரமா வளரும். உரத்தைக் கொஞ்சம் அதிகமாப் போட்டா தாள் நீண்டு, கதிர் பாரம் தாங்காம சாஞ்சிரும். நெல் வெச்ச நம்ம ஆளுங்களுக்கு இது புரியும். ஜப்பான்ல 'நோரின் 10' என்ற குட்டை ரகம் இருந்துச்சு. அதோட குணத்தை வெச்சு மெக்சிகோவுல நார்மன் போர்லாக் குட்டைக் கோதுமை ரகங்களை உண்டாக்கினார். டெல்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்துல இருந்த எம்.எஸ்.சுவாமிநாதன் அந்த விதையை இங்க வரவழைச்சு சோதனை பண்ணினார். சுவாமிநாதன் கோயமுத்தூர் வேளாண் கல்லூரியில படிச்சவர்தான். டெல்லி பக்கத்துல ஜோந்தி என்ற கிராமத்துல விவசாயிங்க நிலத்துலயே வெதைச்சுக் காட்டினாங்க.

சின்னச் சின்ன சோதனை வயல்ல நல்லா வந்துச்சு. ஆனா நாட்டை அதுமேல பணயம் வெக்கலாமா? வெளிநாட்டு விதை, நோய் வந்தா என்ன பண்றது, உரத்துக்கு வெளிநாட்டுப் பணம் எங்க போறது என்று டெல்லியில ஏகப்பட்ட எதிர்ப்பு. சி.எஸ். அசரலை. தன்னோட அரசு பங்களாத் தோட்டத்துலயே அந்தக் கோதுமையை வெதைச்சுக் காட்டினார். 1966-ல் மெக்சிகோவுல இருந்து 18,000 டன் விதைக் கோதுமை இறக்குமதி ஆச்சு. லெர்மா ரோஹோ, சொனோரா 64 என்ற ரகங்கள். அதுவரைக்கும் உலகத்துல யாரும் அவ்வளவு விதையை ஒரே தடவையில வாங்கினதில்லை.

1964-65-ல் இந்தியாவோட கோதுமை விளைச்சல் சுமார் 1.23 கோடி டன். 1967-68-ல் சுமார் 1.65 கோடி டன். பஞ்சாப்ல தானியம் வெக்க இடம் இல்லாம பள்ளிக்கூடங்கள்ல கொட்டி வெச்சாங்க. 1968 ஜூலை மாசம் அரசாங்கம் 'கோதுமைப் புரட்சி'ன்னு தபால் தலையே வெளியிட்டுச்சு.

வருசத்தைக் கவனிச்சீங்களா? தேர்தல் நடந்தது 1967 பிப்ரவரி. பெரிய அறுவடை வந்தது 1968. வெதைச்சவர் அறுவடைக்கு முன்னாடியே களத்துல இருந்து வெளிய போயிட்டார். பணம் கட்டின குதிரை ஜெயிச்சுச்சு, கட்டினவர் சீட்டு முந்தின வருசமே கிழிஞ்சு போச்சு. பின்னாடி 1971-ல் கிருஷ்ணகிரியில ஜெயிச்சு, நிதி அமைச்சரா, மகாராஷ்டிர கவர்னரா எல்லாம் இருந்து, 1998-ல் பாரத ரத்னா வாங்கினார், அது வேற விசயம்.

அப்ப கோபி ஜனங்க பண்ணினது தப்பா என்று கேட்டா, நான் அப்படிச் சொல்லமாட்டேன். பஞ்சாப்ல வெளையப் போற கோதுமை கோபியில இன்னைக்குப் பசிக்கு ஆகாது. இந்தப் பக்கம் அந்தக் கோதுமை ரேசன் கடை வழியாத்தான் வந்துச்சு. அது வந்தப்ப எங்க சோளமும் கம்பும் மெல்ல மெல்ல வட்டில்ல இருந்து போயிருச்சு. உரம், மருந்து, போர் தண்ணி என்று செலவு ஏறினதும் அந்தப் புரட்சியோட பின்பாதிதான். சி.எஸ். செஞ்சது பெரிய காரியம். ஓட்டுப் போட்டவங்க கோபமும் நியாயமான கோபம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா நிக்கணும்னு அவசியம் இல்லைங்க.

இனி 1996. அப்ப எனக்கு இருபது வயசுக்கு மேல, எல்லாம் நல்லா ஞாபகம் இருக்குது. ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில 1,033 பேர் வேட்பாளராக நின்னாங்க. எழுத்துப் பிழை இல்லை, ஆயிரத்து முப்பத்து மூணு பேர்தான். தங்கள் குறைகளை யாரும் காதுல வாங்கலைன்னு காட்டறதுக்காக விவசாயிங்க கூட்டங்கூட்டமாப் போய் மனு தாக்கல் பண்ணினாங்க. தேர்தல் கமிஷன் திணறிப் போச்சு. அத்தனை பேர் பேரும் ஒரு சீட்டுல அடங்காம ஓட்டுச் சீட்டே புத்தகம் மாதிரி ஆச்சு. மத்த தொகுதிகளுக்கு எல்லாம் தேர்தல் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் அங்க ஓட்டுப்பதிவு நடந்துச்சு. திமுகவோட சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயிச்சார். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழலை.

ஆயிரம் குதிரை களத்துக்கு வந்துச்சு, ஒண்ணுகூட ஜெயிக்கறதுக்காக வரலை. நாங்க இருக்கறோம்னு கனைக்கறதுக்கு வந்துச்சு. அதே வருசம் ஆந்திராவுல நல்கொண்டா மக்களவைத் தொகுதியில தண்ணிப் பிரச்சினைக்காக இதே மாதிரி நின்னு, வேட்பாளர் எண்ணிக்கை 480-ஐத் தொட்டுச்சு.

இதுக்கு என்ன பதில் கிடைச்சுச்சு தெரியுங்களா? டெபாசிட்டை ஏத்திட்டாங்க. அதுவரைக்கும் சட்டமன்றத்துக்கு 250 ரூபாய், மக்களவைக்கு 500 ரூபாய். 1996-லேயே சட்டத்தைத் திருத்தி 5,000, 10,000 ஆக்கினாங்க. இப்ப 10,000, 25,000. சுயேச்சையா நிக்கறவங்களுக்கு முன்மொழியறதுக்குப் பத்து வாக்காளர் வேணும்னும் வந்துச்சு. நிர்வாகம் நடத்தறவங்க பக்கம் இருந்து பாத்தா அதுவும் புரியுது, ஓட்டுச் சீட்டைப் புத்தகமா அச்சடிச்சிட்டு இருக்க முடியாது. ஆனா கனைச்சது எதுக்குன்னு கேக்கறதுக்கு முன்னாடி வாசக் கதவை ஒசத்திக் கட்டிட்டாங்க என்ற வருத்தம் இந்தப் பக்கத்துப் பெரியவங்ககிட்ட இன்னும் இருக்குது.

2009-ல் இன்னொண்ணு. கொங்குநாடு முன்னேற்றக் கழகம் என்று புதுசா ஒரு கட்சி. ஆரம்பிச்சுச் சில மாசத்துலயே மக்களவைத் தேர்தல்ல தனியா நின்னு, எங்க பொள்ளாச்சித் தொகுதியிலயும் கோயமுத்தூர்லயும் தலைக்கு ஒரு லட்சம் ஓட்டுக்கு மேல வாங்கிருச்சு. எங்கயும் ஜெயிக்கலை, ஆனா பெரிய கட்சிக்காரங்க கணக்கெல்லாம் கலைஞ்சு போச்சு. "எங்க இருந்து வந்துச்சு இந்த ஓட்டு?" என்று சென்னையில இருந்து கேட்டாங்க. அந்தக் கட்சிக்கு சாதிக் கணக்கு உண்டு, அதை மறைக்க முடியாது. அதோட சேத்து நூல் விலை, கரண்ட் கட்டு, பாசனத் தண்ணி என்று ரொம்ப நாளாப் பேசப்படாம கெடந்த கணக்கும் இருந்துச்சு. அதுக்கப்புறம் அதுல இருந்து பிரிஞ்சு வந்தவங்க 2019-ல் நாமக்கல்ல ஜெயிச்சாங்க, ஆனா அது உதயசூரியன் சின்னத்துல. தனியா ஓடின குதிரை கடைசியில பெரிய கட்டுத்தரையில போய் நின்னாத்தான் ஜெயிக்க முடிஞ்சுச்சு.

நம்ம தமிழ்ல இதுக்கு நேரான சொல் இருக்குதான்னு நானும் யோசிச்சுப் பாத்தேன். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று இருக்குது. ஆனா அது விழுந்த யானையைப் பத்தின சொல். முந்தி வந்தவனைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. இங்கிலீஷ்காரன் சொல்லு முந்தி வந்த குதிரையைப் பத்திப் பேசுது, ஆனா அதுவும் வேடிக்கை பாக்கறவன் மேடையில உக்காந்துட்டுச் சொன்னது. கட்டுத்தரையில சாணி அள்ளினவன் அப்படிச் சொல்லியிருக்கமாட்டான். அவனுக்கு அந்தக் குதிரையோட ஒவ்வொரு சுழியும் தெரியும்.

அதனால அடுத்த தேர்தல்ல பேப்பர்க்காரங்க யாரையாவது கறுப்புக் குதிரைன்னு எழுதினா, அந்த ஆளைப் பத்தி மட்டும் படிச்சுட்டு விட்டுராதீங்க. அவர் பின்னாடி எத்தனை வருசம் யாரெல்லாம் நடந்தாங்க, அந்த ஊர்ல எது ரொம்ப நாளாப் பேசப்படாம இருந்துச்சு என்று கேட்டுப் பாருங்க. விடை அனேகமா ஊருக்குள்ளயே இருக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும். 1967-ல் ஓட்டுப் போட அப்ப இருபத்தொரு வயசு ஆகியிருக்கணும். அப்படின்னா அந்தத் தேர்தல்ல ஓட்டுப் போட்டவங்களுக்கு இப்ப எண்பதைத் தொடற வயசாவது இருக்கும். உங்க வீட்டுல, உங்க அப்பார் ஊர்ல அப்படி யாராவது இருந்தா, அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு மணி நேரம் உக்காந்து கேளுங்க. அரிசி என்ன விலை வித்துச்சு, யாருக்கு ஓட்டுப் போட்டீங்க, எதுக்குப் போட்டீங்க என்று கேட்டு, முடிஞ்சா போன்ல பதிவு பண்ணி வைங்க. எங்க அப்பிச்சிகிட்ட நான் அரிசிக் கதையைக் கேட்டு வெச்சிருக்கறேன். அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று மட்டும் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.